எல்லாரும் ஏறியாச்சு

ஆடுகிற லாஞ்சுப் படகில் குழம்பு வைக்க அகலச் சட்டி உதவாது, போலீஸ் கொமிசேர் ஐயா. ஆழமான சட்டிதான் சரி. அதிலும் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அதற்கப்புறம் ஐந்து வருஷமாக அந்த லாஞ்சில் விருந்தாளிகளுக்குச் சமைத்திருக்கிறேன், ஒரு சொட்டு சிந்தியதில்லை. நான் நிதானம் தெரிந்தவள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஞானமேரி. வீடு முதலியார்பேட்டை. என் வீட்டுக்காரர் மிக்கேல் சைகோன் சுங்க ஆபீசில் இருபத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். நான் இங்கே அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஐம்பத்தைந்தில் பென்ஷனோடு வந்து சேர்ந்தார். வந்த கையோடு, ஊரைவிட்டுப் போகிற ஒரு பிரெஞ்சு வியாபாரியிடமிருந்து லாஞ்சை வாங்கினார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன்.

"நாம ரெண்டு பேரும் கரையோரமாவே வேளாங்கண்ணி வரைக்கும் போயிட்டு வரலாம் மேரி. பேசிக்கிட்டே போலாம்" என்றார்.

முதல் ஞாயிறே ஆறு பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு எட்டுப் பேர். கூட வேலை பார்த்தவர்கள், அவர்கள் சம்சாரங்கள், உழவர்கரையிலிருந்து தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். முதல் பூசை முடிந்ததும் நான் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடி மீன் வாங்கி, அரியாங்குப்பத்து ஆற்று முகத்துவாரத்தில் நிற்கிற லாஞ்சுக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும். இரண்டு பேருக்கென்று சொன்ன பயணத்தைப் பற்றிக் கேட்டால், ஆகட்டும் என்பார். நானும் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை.

கிறிஸ்துதாஸ் ஆறு மாதம் கழித்து சைகோனிலிருந்து வந்தார். அங்கே என் வீட்டுக்காரரோடு பதினெட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவர். போக இடமில்லை என்று எங்கள் முன்னறையில் தங்கினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என்னை மதாம் என்று மரியாதையாகக் கூப்பிடுவார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். ஆனால், மிக்கேலுக்குப் புளி ஆகாது, குறைத்துப் போடுங்கள் என்பார். தலை வலிக்கிறதா என்று நான் என் புருஷனைக் கேட்டால், வலியில்லை மதாம், வெயில் என்று இவர் பதில் சொல்வார். அது சரியாகவும் இருக்கும். லீவுகளை ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து கிறிஸ்துதாஸ் வருகிறவரை நான் என் புருஷனோடு இருந்தது ஐந்து வருஷம்கூட வரவில்லை.

இந்த ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நரம்பை கிராமத்துக்கு நேரே, கரையிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி நங்கூரம் போட்டிருந்தோம். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் கேட்டேன். இந்த வருஷம் மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணிக்கு நாம் இரண்டு பேர் மட்டும் போவோமா என்று. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. கிறிஸ்துதாஸைப் பார்த்தார்.

"செப்டம்பர்ல கடல் சரியிருக்காது மிக்கேலு. வர்ற வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு மீன் எடுத்துப் போட்டுக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை.

கிறிஸ்துதாஸுக்கு நீச்சல் வராது. ஆனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு லாரி டியூபில் உட்கார்ந்தபடி தண்ணீரில் மிதந்துகொண்டு தூங்குவது அவர் வழக்கம். எஞ்சின் ஓட்டுகிற அம்மாவாசை அந்த டியூபை லாஞ்சின் பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டிவைப்பான். அன்றும் கட்டினான். பிறகு எல்லாரும் முன்பக்கம் படுதா நிழலில் படுத்துவிட்டார்கள். நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கயிறு அவிழ்ந்தது. மேற்குக் காற்று. டியூப் மெதுவாகக் கிழக்கே விலகிப் போயிற்று. தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சட்டியைத் தேய்த்து முடித்தேன். அடிப்பிடித்திருந்ததால் நேரமாயிற்று.

அரை மணி கழித்து மேற்கே மேகம் கறுத்தது. என் வீட்டுக்காரர் எழுந்து, எல்லாரும் ஏறியாச்சா என்று முன்பக்கத்திலிருந்தே கேட்டார்.

"எல்லாரும் ஏறியாச்சு" என்றேன்.

"அவன்?"

"கீழ அறையில படுத்திருக்காரு. தலைவலியாம். எழுப்ப வேணாம்னாரு."

அறைக் கதவைச் சாத்தினேன். அம்மாவாசை எஞ்சினைக் கிளப்பினான். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பேசவில்லை, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கரை வந்து கதவைத் திறந்தார்கள். மழையோடு திரும்பப் போய்த் தேடினார்கள். மறுநாள் வைத்திக்குப்பத்தில் டியூப் ஒதுங்கியது. மூன்றாம் நாள் காலாப்பட்டில் அவர். கீழே படுத்திருந்தவர் எனக்குத் தெரியாமல் மேலே வந்து டியூபுக்குப் போயிருப்பார் என்று நான் சொன்னதை நம்பி, முடிச்சைச் சரியாகப் போடவில்லை என்று அம்மாவாசையைப் பிடித்து வைத்தீர்கள். நேற்று அவன் சம்சாரம் ஆயம்மா என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"அவரு போட்ட முடிச்சு எதுவும் இதுவரைக்கும் அவுந்ததில்லம்மா" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். கயிறு அவிழ்ந்தது என்று சொன்னேன் அல்லவா. அது தானாக அவிழாது, ஐயா. ஈரத்தில் நன்றாக இறுகியிருந்தது. முதலில் கையால் பார்த்தேன், நகம் பெயர்ந்துவிட்டது. பிறகு கரண்டிக் காம்பை உள்ளே கொடுத்து நெம்பினேன். அதனால் அம்மாவாசையை விட்டுவிடுங்கள். அந்த எஞ்சினைக் கிளப்ப வேறு ஆள் கிடையாது.

இங்கே வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரிடமும் இதையெல்லாம் சொன்னேன். முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளாக வாய் திறக்காதவர், முழுக்கக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அவன் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டாரு. எஞ்சின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

"யாரக் கூப்பிட்டான்?"

"உங்களத்தான்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது, ஐயா.