இரத்தம் நின்றுவிட்டதே என்று நம்பாதீர்கள்

எத்தனை பேர் பேசினாலும் நாற்காலியில் நெளியாத எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! பல் பரிசோதனை முகாமுக்கு வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே! முழங்கால் வலியோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்த தாய்மார்களே! இந்தத் தொழிற்சாலை கேட்டில் இருபத்தாறு ஆண்டுகளாக உங்கள் பைகளைக் கிளறி, உங்கள் வாயில் விழுந்து எழுந்த காவலாளியின் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! உங்கள் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்தவன்தான் நான். சந்தேகம் என் தொழில்! சந்தேகம் என் சோறு! ஆனால் இன்று மைக்கைப் பிடித்தது ஒரே ஒருத்திக்காக. மூன்றாவது வரிசையில் என் மனைவி இருக்கிறாள். அவளுக்கு ஈறில் இரத்தம் வந்தது, நின்றது. "அதான் சரியாப் போச்சே, டாக்டர் எதுக்கு?" என்கிறாள். முகாம் முடிய இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் அவள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

ஏன் இந்தப் பதற்றம்? போன வருடம் எனக்கும் இரத்தம் வந்தது. யாரைச் சந்தேகித்தேன்? பிரஷ்ஷை! மூன்று பிரஷ் மாற்றினேன். அப்புறம் பேஸ்ட்டை! அப்புறம் அதை வாங்கி வந்தவளையே! "கண்டதையும் வாங்கிட்டு வந்து என் வாயைக் கெடுக்கிறியா?" என்று கத்தினேன். இரத்தம் வந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன். இரத்தமும் நின்றது, நானும் நிம்மதியானேன். ஒருநாள் லாரி பின்னால் வருகிறது. விசிலைப் பல்லில் கடித்து ஊதுகிறேன். விசிலும் விழுந்தது, முன்பல்லும் விழுந்தது!

என்ன தம்பி? லாரி என்ன ஆச்சா? நின்றுவிட்டதப்பா. டிரைவர் புண்ணியவான், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

அன்றைக்கே இதே டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். அவர்கள் சொன்னார்கள். "ஒரு கிருமி இருக்குங்க. அது மேல பூரா நுண்ணிய இழைங்க. ஈறுல இருக்கிற செல், தன் இடத்துல ஊன்றி நிக்க வெளியே கைப்பிடி மாதிரி ஒண்ணு வச்சிருக்கும். கிருமி அந்த இழையால அதையே பிடிச்சுக்கும். செல்லும் ஏமாந்து, தானே அதை உள்ளே இழுத்துக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது! உங்களுக்கு நினைவிருக்கிறதா அந்தச் செம்புக் கம்பித் திருடனை? சுவரேறியா வந்தான்? பூட்டை உடைத்தா வந்தான்? நம் சூப்பர்வைசர் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்! "நம்ம ஆளுதான்" என்று நானே கதவைத் திறந்தேன். மூன்று நாள் கிடங்குக்குள் கிடந்தான். அடுத்த கிடங்குக்கு உள்வழியாகவே போனான். நான் வெளியே விசில் ஊதி என்ன பயன்?

அந்தக் கிருமியும் அப்படித்தானாம். செல்லுக்குள் பதுங்கினால் உடம்பின் காவல்காரர்கள் கண்ணில் படாது. பல மருந்துகளும் எட்டாது. பக்கத்து செல்லுக்கும் பரவும். அப்படியென்றால் சத்தம் அடங்கியதும் திருடன் போய்விட்டான் என்று அர்த்தமா? வலி இல்லையா, சந்தேகப்படுங்கள்! வாய் நாறுகிறதா, சந்தேகப்படுங்கள்! இரத்தம் நின்றதா, இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள்!

என்னம்மா எழுந்துவிட்டாய்? மைக்கை அவளிடம் கொடுங்கள் ஐயா.

"வரேன். ஆனா போன வருஷம் நான் வாங்கின பேஸ்ட்டு மேல பழி போட்டீங்களே, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? உங்ககிட்ட ஏச்சு வாங்கப் பயந்துதான் எனக்கு இரத்தம் வந்ததையே ரெண்டு மாசம் மறைச்சேன்."

பெரியோர்களே... இது எனக்குத் தெரியாது. ஊரார் பையையெல்லாம் துழாவிய எனக்கு, என் வீட்டில் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தது கண்ணில் படவில்லை. குற்றவாளியை விட்டுவிட்டு உன்னைச் சந்தேகித்தேன். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

டாக்டர் அம்மா, அவள் வருகிறாள். கொஞ்சம் வழி விடுங்கள். இன்று நான் யார் பையையும் பார்க்கப் போவதில்லை. அவள் கூடவே நிற்கப் போகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு, ஒரு பல் குறைந்த வாயால் முழு நன்றி! வணக்கம்!