அரைச் சாண்

படகுக்குச் சின்ன மோட்டார் வாங்க வருபவர்கள் எத்தனை குதிரைத்திறன் என்றுதான் கேட்பார்கள். தண்டு எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதில்லை, ஐயா. விசிறியைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தண்டுதான்.

என் மாப்பிள்ளை எதையுமே கேட்கவில்லை. "உங்களுக்குத் தெரியாததா மாமா" என்று விட்டுவிட்டார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கரையில் வேலை கிடைத்தது, என் மகளையும் அங்கே குடிவைக்க நினைத்தார், அவ்வளவுதான். மனைவி போனபிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்தி. "நீங்களும் வாங்கப்பா" என்றாள். பட்டறையை விட்டு எங்கே போவது? போகாதே என்று கெஞ்சிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள்.

பெரிய மோட்டார் பழையது. நடுவழியில் நின்றால் கரைசேர ஒரு சின்னது வேண்டும் என்று மகள்தான் சொன்னாள். நானே தேர்ந்தெடுத்து, படகின் பின்பலகையில் நானே மாட்டினேன். போல்ட் ஒவ்வொன்றும் இறுக்கமாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்டு மட்டும் அரைச் சாண் குட்டை. துறையில் அலையில்லாத தண்ணீரில் அருமையாக ஓடும். வெளியே அலை பின்பக்கத்தைத் தூக்கினால் விசிறி காற்றில்தான் சுற்றும்.

"கொஞ்சம் குட்டையா தெரியுதே மாமா?"

"அரைச் சாண்ல என்னங்க மாப்பிள்ளை ஆயிடப்போகுது."

முதலில் சாமான்களோடு அவர் மட்டும் போவதாக ஏற்பாடு. பெரிய மோட்டாரின் பெட்ரோல் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்திருந்ததைப் பார்த்தேன். கொட்டவில்லை. மற்றபடி நான் எதையும் கெடுக்கவில்லை. வழியில் நின்றால் யாராவது இழுத்து வருவார்கள், பயத்தில் அக்கரை ஆசை விட்டுப்போகும் என்று நினைத்தேன். சாயங்காலம் காற்று ஏறும் என்று ரேடியோவில் சொன்னதையும் கேட்டிருந்தேன். நாளைக்குப் போகிறேன் என்றவரிடம், "இன்னைக்கே கெளம்பிடுங்க, நல்லா இருக்கு" என்றேன்.

பாறையில் மோதிக் கிடந்த படகில் சின்ன மோட்டாரின் டாங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. கடைசிவரை ஓடியிருக்கிறது. என் வேலை அப்படி.

இப்போது மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். பேசுவதில்லை, நேரத்துக்குச் சோறு வைத்துவிடுகிறாள். அதுவே எனக்குப் போதும். நேற்று படகடியில் உட்கார்ந்து பின்பலகையைச் சாண் போட்டு அளந்தாள், பிறகு தண்டை அளந்தாள். பட்டறையில் வளர்ந்த பெண் அல்லவா. ஏதோ கோபத்தில் உங்களை வரச்சொல்லிவிட்டாள். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?