மறைத்து வைத்த வரி

மாலை ஐந்தரை மணி. டிசம்பர். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கே அந்நேரத்துக்கே இருட்டு கட்டிவிடும். பதினேழாம் எண் சாலையின் கடைசியில் ஒரே ஒரு வீடு. அதற்கப்பால் ஏரி... வேறொன்றும் கிடையாது.

வீடு ஆண்டர்ஸுடையது. என் நண்பன் கர்ட்டிஸின் மைத்துனன். இதைச் சொன்னது கர்ட்டிஸ்தான்; அவன் என்னிடம் பொய் சொல்ல மாட்டான்.

அன்று பனிப்புயல். சாலையை மூடிவிட்டார்கள். ஆண்டர்ஸின் மனைவி பெயர் காரின்; நர்ஸ். நகரத்து மருத்துவமனையிலேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் அவனும், மாடியில் சீக்கிரமே தூங்கிப்போன நான்கு வயது மகள் லின்னேயாவும்தான்.

கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், இணையதளம் அவன் பொறுப்பு. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ஜனங்கள் அதில்தான் பார்ப்பார்கள். மெனுவை அவன்தான் புதிதாக அமைத்திருந்தான். எளிய ஏற்பாடு. ஒரே ஃபைல். அதில் ஒரு வரி சேர்த்தால் மெனுவில் ஒரு பெயர் வரும். அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று... எவ்வளவு ஆழமும் போகலாம். வேண்டாததை ‘மறை’ என்று குறித்தால் போதும். மேல்வரியை மறைத்தால் அதன் கீழே இருப்பதெல்லாம் சேர்ந்து மறையும். அலுவலகத்தில் கற்றுக்கொடுக்கும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வான்:

“மறைச்சா கண்ணுக்குத்தான் தெரியாது. பூட்டினதா அர்த்தமில்ல. வழி தெரிஞ்சவங்க உள்ள வந்துடுவாங்க.”

அன்று பதினேழாம் சாலைக்குக் கீழே ஒரு புது வரி. ‘பாலம்.’ அவன் வீட்டுக்குச் சற்று முன்னால் அந்தச் சாலையில் ஒரு பாலம் உண்டு.

அந்த வரியை அவன் சேர்க்கவில்லை. அழித்தான். திரும்ப வந்தது. கூட வேலை பார்க்கும் டேலுக்குப் போன் போட்டான். டேல் தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றான். “நாங்கல்லாம் வேலைய முடிச்சு வீட்டுக்கு வந்தாச்சுப்பா. ஃபைலை யாரும் தொடல. பொண்டாட்டி ஒரு நாள் வீட்ல இல்லைன்னா இப்படியா?”

டேல் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான். பாலத்துக்குக் கீழே அடுத்த வரி வந்திருந்தது. ‘தபால் பெட்டி.’

வெளியே, சாலையோரம்... தகர மூடி திறந்து மூடும் சத்தம். டொக்.

பிறகு, ‘பின்கதவு.’

ஏரிச் சேற்றின் வாடை அடித்தது. ஏரியோ கல்லாக உறைந்து வாரக்கணக்காகிறது. கதவின் குமிழ் பாதி திரும்பி, நின்றது.

என்ன ராய், கதைக்கு நடுவே ஏதோ கேட்கிறாயே?

“கம்ப்யூட்டர்லதானே வருது? ஆஃப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே.”

கிட்டத்தட்ட அதைத்தான் அவனும் செய்தான். பதினேழாம் சாலையையே ‘மறை’ என்று குறித்தான். பாலம், பெட்டி, கதவு, எல்லாம் ஒன்றாகக் காணாமல் போயின. குமிழ் அசையவில்லை. வாடையும் இல்லை. எழுந்து போய்க் காபியைச் சூடாக்கினான். கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போதுதான், தான் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வந்தது.

மாடிப்படியில் ஒரு பலகை முனகியது.

ஓடினான். படியின் உச்சியில் லின்னேயா. இரவு உடுப்பு, வெறுங்கால். சுவரோடு ஒட்டி, வழிவிட்டு நின்றிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குச் சற்றுப் பின்னால் பார்த்தாள்.

“அப்பா, ஓரமா நில்லு. அவங்க மேல வரணுமாம்.”

அவன் காலுறை நனைந்தது. அவன் நின்றிருந்த படிக்கட்டு ஈரமாக இருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு ஓடி, மறைத்ததை எடுத்தான். எல்லாம் திரும்ப வந்தன. பாலம். தபால் பெட்டி. பின்கதவு. அவற்றின் கீழே படிக்கட்டு. அதன் கீழே, லின்னேயாவின் அறை. அதற்கும் கீழே, கட்டில்.

அப்போது அவள் அறையில் யாருமில்லை. குழந்தை அவன் தோளில் இருந்தாள். விடியும்வரை அவளை இறக்கவில்லை.

வசந்தத்தில் வீட்டை விற்றார்கள். இப்போது ஃபார்கோ நகரத்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். கட்டிலையும் புதிதாகத்தான் வாங்கினார்கள். அந்த வரிகளை அவன் மறைப்பதில்லை. தினமும் பார்க்கிறான். ‘கட்டில்’ என்ற வரிக்குக் கீழே புதிதாக எதுவும் வரவில்லை. அதுதான் கடைசி வரி.

லின்னேயா நன்றாகத்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். படுக்கும்போது மட்டும் சுவரோரம் ஒதுங்கிப் படுக்கிறாள்... பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.

காலையில் அந்த இடத்தில் விரிப்பு ஈரமாக இருக்கும்.