நாலு மணிக்குள் ஜோசப் ஸ்மித்

— தொப்பிக்குள்ள ஒரு கல்லைப் போட்டு, அந்தத் தொப்பிக்குள்ள முகத்தையும் புதைச்சுக்கொண்டுதான் மனுசன் ஒரு முழு வேதத்தையும் வாசிச்சுச் சொன்னவர். இதை நான் சொல்லேல்லை, சடகோபர். பக்கத்தில இருந்தவையே சொல்லி வச்சிருக்கினம்.

— சரி மாஸ்டர். கல்லு, தொப்பி, ரெண்டையும் ஒத்துக்கறேன். மேல சொல்லுங்கோ. மணி மூணேகால். நாலு மணிக்கு இவர் ஆரம்பிச்ச சபையோட பிரசாரப் பசங்க வந்துடுவா. அதுக்குள்ள இந்த ஜோசப் ஸ்மித் மஹானா, மோசக்காரனான்னு நீங்க தீர்ப்பு சொல்லியாகணும்.

— ஏன்னா, ஒரு மனுஷரை லீவு நாள்ல கிளேட்டன்லேர்ந்து வரவழைச்சு, நூத்துச் சொச்சம் வருஷம் முன்னாடி செத்துப்போன அமெரிக்காக்காரனுக்குப் பட்டிமன்றம் வைக்கறேளே, நன்னா இருக்கா? பஜ்ஜி எடுத்துக்கோங்கோ அண்ணா. உருளைக்கிழங்குதான். வாழைக்காய்க்கு மெல்பர்ன்ல நான் எங்க போவேன்.

— நீ சித்த சும்மா இரு வேதா. மாஸ்டர் யாழ்ப்பாணத்துல பதினேழு வருஷம் சரித்திரம் சொல்லிக் குடுத்தவர்.

— இப்ப ட்ராமில டிக்கட் குடுக்கிறன். அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

— அதனால என்ன? லைப்ரரிலேர்ந்து நாலு தடிப் புஸ்தகம் எடுத்து, ரெண்டு வாரம் டிப்போல உக்காந்து எனக்காகப் படிச்சிருக்கேள். கேதீஸ்வரன்னா கேதீஸ்வரன்தான்.

— எனக்கு ஆதாரம் வேணும், சடகோபர். ஆதாரம் இல்லாமல் ஒரு ஆளை நல்லவன் எண்டும் சொல்லமாட்டன், கெட்டவன் எண்டும் சொல்லமாட்டன். சரி, தங்கத் தகடுக்கு வருவம். ஒரு குன்றில புதைச்சுக் கிடந்ததைத் தேவதூதன் காட்டிக்குடுத்தவராம். அதில இருந்ததைத்தான் இவர் மொழிபெயர்த்தவராம்.

— அந்தத் தகடு இப்ப எந்த மியூசியத்துல இருக்கு?

— ஒண்டிலயும் இல்லை. வேலை முடியத் தேவதூதன் திருப்பி வாங்கிக்கொண்டு போட்டார்.

— லைப்ரரி புஸ்தகம் மாதிரியா அண்ணா?

— அப்பிடித்தான் தங்கச்சி. ஆனா பதினொரு பேர் தாங்களும் பாத்தம் எண்டு பேர் குடுத்திருக்கினம்.

— பதினோரு பேர்! கேட்டியா வேதா? நான் தோண்டற சாக்கடைக்கே ரெண்டு பேர் கையெழுத்துதான்.

— நம்ம கல்யாணத்தை நானூறு பேர் பாத்தா. நானூறு பேரும் காப்பி குடிச்சா. அந்த மஹான் காப்பி குடிக்கப்படாதுன்னு சொல்லியிருக்காரே, அதுக்கு என்ன பதில்?

— அது உடம்புக்குக் கெடுதல்னு...

— மூணு தடவை, அண்ணா. மூணு தடவை டிகாக்‌ஷன் இறக்கி, நுரை ததும்ப அந்த ரெண்டு பசங்க முன்னாடி வச்சேன். நோ தாங்க்யூ மேம். நோ தாங்க்யூ மேம். சரி டீயாவது குடிங்கோடான்னா அதுக்கும் நோ தாங்க்யூ. இந்த ரோவில் மேட்டுல, ஆகஸ்ட் குளிர்ல, டையைக் கட்டிண்டு சைக்கிள் மிதிச்சுண்டு வராளேன்னு மைலோ போட்டுக் குடுத்தேன். என் கையால மைலோ! எங்க அப்பா கேட்டா அழுதுடுவார்.

— பத்தொன்பது வயசுப் பெடியள்தானே.

— பத்தொன்பது வயசு. பேரு எல்டர். சட்டையிலே குத்திண்டிருக்கா. நான் அவாளைப் பெரியவரே, பெரியவரேன்னு கூப்பிடணுமாம். ஆனா பஜ்ஜி மட்டும் ஆளுக்கு ஒம்பது.

— வேதா, விஷயத்துக்கு வா. மாஸ்டர், நான் டிரெயினேஜ் இன்ஜினியர். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. அவர் ஏதோ ஊர் கட்டினாராமே, சதுப்பு நிலத்துல?

— ஓம். மிசிசிப்பி ஆத்தங்கரையில. கொசுவும் காய்ச்சலும் பிடிச்ச இடம். அதை வடிச்சுப்போட்டு நாலைஞ்சு வருசத்தில பத்தாயிரம் பேருக்குக் கிட்ட இருக்கிற நகரம் ஆக்கினவர்.

— நாலஞ்சு வருஷம்! பம்ப் இல்லாம! எங்க ஆபீஸ்ல டாண்டினாங் பக்கம் ஒரு வாய்க்காலுக்கு ஆறு வருஷமா ஃபைல் ஓடிண்டிருக்கு. சொல்லப்போனா எனக்கு இது ஒண்ணே போதும். மஹான்தான்.

— சடகோபர், வாய்க்கால் வெட்டினவர் எல்லாம் மகான் எண்டால் ஊரில மகானுக்கு இடமிருக்காது. அதே ஊரில மேயரா இருந்துகொண்டு, தன்னைப் பற்றி எழுதின பத்திரிகையின்ர அச்சு யந்திரத்தை உடைக்கச் சொன்னவரும் அவர்தான். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கும் நிண்டவர். முப்பதுக்கு மேல பெண்சாதிமார் எண்டு ஒரு புத்தகம், அதைவிடக் கூட எண்டு இன்னொரு புத்தகம்.

— முப்பதா!

— நம்ம தசரதருக்கு அறுபதாயிரம், வேதா.

— தசரதர் ஆத்து ஆத்துக்கு சைக்கிள்ல ஆள் அனுப்பலை. அது கிடக்கட்டும். அந்த மொதல் சம்சாரம் என்ன சொன்னா அண்ணா?

— எமா எண்டு பேர். தன்ர மனுசன் அப்பிடிச் செய்யவேயில்லை எண்டு சாகுமட்டும் சொன்னவ.

— பெருமாளே. கோவில் கட்டறதுன்னா அவளுக்குன்னா கட்டணும்!

— மாஸ்டர், நீங்க ஒரேயடியா ஒரு பக்கமா சாயறேள்.

— நான் ஒரு பக்கமும் சாயேல்லை. ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. மைலாப்பூர் பஞ்சகச்சக்காரர் நீங்கள். நீங்கள் அவையளோட சேரப்போறதும் இல்லை. இந்தாள் மகானா இருந்தால் என்ன, கள்ளனா இருந்தால் என்ன?

— சொல்லுங்கோளேன். அண்ணா கேக்கறாரோன்னோ? வெக்கப்படாம சொல்லுங்கோ.

— ...அப்பா விஷயம், மாஸ்டர்.

— உங்கட அப்பாவுக்கும் ஜோசப் ஸ்மித்துக்கும் என்ன சம்பந்தம்?

— நான் சொல்றேன் அண்ணா. போன மாசம் அந்தப் பசங்க மரியாதைக்கு, உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்கோன்னு கேட்டா. என்னையும் குழந்தைகளையும் பத்திச் சொல்லணும். இவர் என்ன பண்ணினார் தெரியுமா? எழுந்து நின்னு, தெக்குப் பாத்து, அமாவாசைத் தர்ப்பணத்துக்குச் சொல்றாப்பல அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அம்மா வழில மூணு பேர்னு கோத்திரத்தோட ஒப்பிச்சார். அந்த நெட்டையன் கண்ல ஜலம் வந்துடுத்து.

— அவா சபையில செத்துப்போனவாளுக்காக ஒரு கிரியை உண்டாம், மாஸ்டர். அவா பேரைச் சொல்லி, உசுரோட இருக்கற ஒருத்தர் தண்ணில முங்கி எழுந்திருக்கணும். வழக்கமா அவா ஜனங்களோட முன்னோருக்குத்தானாம். நான்தான் விடாப்பிடியாக் கேட்டேன். மேலிடத்துல கேட்டுப் பாக்கறோம்னு ஃபாரம் குடுத்துட்டுப் போயிருக்கா. இன்னிக்கு நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.

— இங்க மெல்பேணிலயே முங்குவினமோ?

— இல்லையே! அவாளுக்கும் இங்க கோவில் கிடையாது. ஆஸ்திரேலியாவிலயே இல்லையாம். நியூசிலாந்து போகணும்.

— அண்ணா, என் மாமனார் நரசிம்மாச்சாரியார் அடுத்தாத்துச் செம்புல தண்ணி குடிக்கமாட்டார். என் கைத் தண்ணியையே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் குடிச்சார். அவருக்காக நியூசிலாந்துல ஆட்டுப்பண்ணை வச்சிருக்கற ஒருத்தர் வெள்ளைச் சட்டையோட தொட்டில முங்கணுமாம்!

— அப்பாவுக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம்னு சொல்லிடலாமாம், வேதா. அங்கேர்ந்தே மறுக்கலாமாம்.

— எந்த பாஷையில மறுப்பார்? சம்ஸ்கிருதத்துலயா?

— சிரிக்காதே. மாஸ்டர், அப்பா போய் ஆறு வருஷமாச்சு. தந்தி வந்தப்போ நான் பன்னிரண்டடிக் குழிக்குள்ள நின்னுண்டிருந்தேன். ஆபீஸ்ல வாங்கி மேஜைல வச்சுட்டான், நாலு நாள் கழிச்சுக் குடுத்தான். நான் போய்ச் சேரறதுக்குள்ள பதிமூணாம் நாள் முடிஞ்சு பந்தலைப் பிரிச்சிண்டிருந்தா. மூத்த பிள்ளை நான். கொள்ளி போடலை. இங்க வருஷத் திதி பண்ணிவைக்க ஒரு வாத்தியார் கிடையாது. பஞ்சாங்கம் கப்பல்ல வரதுக்குள்ள திதி போயிடறது. இந்த ஆறு வருஷத்துல எங்கப்பாவுக்கு நான் ஒரு எள்ளு இறைக்கலை.

— ஓம்... எனக்கும் முந்தி ஒவ்வொரு சித்திரைக்கும் பஞ்சாங்கம் எயர்மெயிலில வந்துவிடும். தம்பி அனுப்பிறவன்.

— இப்ப அனுப்பறதில்லையா அண்ணா?

— இல்லை. சரி, அந்த ஃபோமைக் காட்டுங்கோ பாப்பம். குடும்பப் பேர் எண்டு கேட்டிருக்கு. என்ன போட்டிருக்கிறியள்? ஸ்ரீவத்ஸ கோத்திரமோ?

— வேற என்ன போடறது? எங்களுக்குக் குடும்பப் பேர் ஏது?

— பிறந்த திகதி எண்ட இடத்தில உத்திராடம் எண்டு கிடக்கு.

— கொள்ளுத்தாத்தாவுக்கு நட்சத்திரம்தான் தெரியும், மாஸ்டர்.

— இறந்த திகதி கட்டாயமோ?

— கட்டாயம். ரெண்டே ரெண்டு கண்டிஷன்தான். செத்த தேதி இருக்கணும். உசுரோட இருக்கறவா பேர் கூடவே கூடாது. அதான் அம்மா பேரைப் போடலை. அம்மா இருக்காளோன்னோ.

— அது சரி. உயிரோட இருக்கிற ஆளை எழுதினால் பிழைதானே.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? பென்சில்லே எழுதுங்கோ. நாளைக்கு மனசு மாறினா அழிச்சுக்கலாம்.

— சரித்திரத்தை ஒருத்தரும் பென்சிலால எழுதிறேல்லை, தங்கச்சி. எழுதினால் மையால எழுதவேணும், இல்லாட்டி எழுதக்கூடாது.

— அப்போ தீர்ப்பு, மாஸ்டர். மணி மூணே முக்கால். இதை ஆரம்பிச்சவர் மோசக்காரர்னா, நான் அப்பாவை ஒரு மோசக்காரன் கையில பிடிச்சுக் குடுத்தவன் ஆவேன். நீங்க ஒரு வார்த்தை கள்ளன்னு சொல்லுங்கோ. இந்த ஃபாரத்தை இப்பவே அடுப்புல போட்டுடறேன்.

— அவசரப்படாதையுங்கோ. அந்தாள் செத்த விதத்தைச் சொல்லேல்லையே. சிறையில கிடந்தவர். விசாரணையும் நடக்கேல்லை. ஒரு கூட்டம் முகத்தில கரியைப் பூசிக்கொண்டு ஏறி வந்து சுட்டவை. முப்பத்தெட்டு வயசு. பிறகு அஞ்சு பேரைக் கோர்ட்டில நிறுத்தி, அஞ்சு பேரையும் விட்டாச்சு. கூட்டமா வந்து செய்தால் அப்பிடித்தான். ஊரே பாத்திருக்கும். கேட்டால் ஒருத்தரும் பாக்கேல்லை.

— அண்ணா, ஏன் ஒரு மாதிரி இருக்கேள்?

— பச்சைமிளகாய், தங்கச்சி. ஒண்டுமில்லை.

— பஜ்ஜில பச்சைமிளகாயே போடலையே.

— வேதா, குறுக்கே பேசாதே. சொல்லுங்கோ மாஸ்டர்.

— தொப்பியைத் தள்ளலாம். தகட்டைத் தள்ளலாம். முப்பது பெண்சாதியையும் தள்ளலாம்.

— அதை நான் தள்ளமாட்டேன்.

— சரி, அதைத் தங்கச்சி வச்சிருக்கட்டும். ஆனா சடகோபர், அந்தாளுக்கு அல்வின் எண்டு ஒரு தமையன். இருபத்தஞ்சு வயசில திடீரெண்டு செத்துப்போனவர். ஞானஸ்நானம் எடுக்காத ஆள். அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் எண்டு செத்தவீட்டிலயே பாதிரியார் சாடையாச் சொல்லிப்போட்டாராம். இவருக்கு அப்ப பதினேழு வயசு. அதை இந்தாள் கடைசி வரைக்கும் மறக்கேல்லை. இந்தத் தண்ணியில முங்கிறது, செத்தவைக்குப் பேர் எழுதிறது எல்லாத்துக்கும் அடி அங்கதான் கிடக்கு. பக்கத்தில இல்லாத சகோதரனுக்கு ஏதாவது செய்யவேணும் எண்டு நினைச்சிருக்கிறார். ரெண்டு கிழமையா நாலு புத்தகத்தையும் பிரட்டிப் பாத்திட்டன். இது ஒண்டைத்தான் என்னால தள்ள ஏலாமல் கிடக்கு.

— அப்போ மஹானா?

— அது எனக்குத் தெரியாது. கையெழுத்தைப் போடுங்கோ எண்டு மட்டும் சொல்லுறன். உங்கட அப்பா கோவிச்சால் என்ர பேரைச் சொல்லுங்கோ.

— வேதா... நீ என்ன சொல்றே?

— நான் என்னத்தைச் சொல்ல. நீங்க ராத்திரில பெரண்டு பெரண்டு படுக்கறது எனக்குத் தெரியாதா? போடுங்கோ. ஆனா அந்த ஆட்டுப்பண்ணைக்காரரை முங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நன்னா சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கோ. மாமனாருக்காகக் கேக்கறேன்.

— போட்டுட்டேன். மையாலயே போட்டுட்டேன், மாஸ்டர்.

— ஏன்னா, வாசல்ல மணி அடிக்கறா. வந்தாச்சு. மைலோவுக்குப் பால் வைக்கணும்.

— இருங்கோ தங்கச்சி, திறவாதையுங்கோ. ஒரு நிமிசம். சடகோபர், கீழ ஒரு வரி வெறுமையாக் கிடக்கே. அது ஆருக்கு?

— யாருக்கும் இல்லை. மிச்சம் இருக்கு. ஏன் கேக்கறேள்?

— என்ர தம்பி இந்திரகுமார். பஞ்சாங்கம் அனுப்பிறவன். கண்டியில வேலை. எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில பஸ்ஸுக்குப் போனவன். அண்டைக்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை, பிரேதமும் இல்லை. இந்த ஆவணியோட ரெண்டு வருசம். அம்மா அந்தியேட்டிக் கிரியை செய்ய விடமாட்டா. செத்தவனுக்குத்தான் செய்யிறது எண்டுவா.

— பெருமாளே... அண்ணா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— என்னத்தைச் சொல்லுறது? ஆதாரம் இல்லையே, தங்கச்சி.

— மாஸ்டர், மறுபடியும் மணி அடிக்கறா. அவாகிட்ட நான் என்ன கேக்கணும், சொல்லுங்கோ. நான் கேக்கறேன்.

— தம்பியின்ர பேரை மட்டும் பென்சிலால எழுதலாமோ எண்டு கேளுங்கோ.