ரெண்டு மணி வரைக்கும் டைட்டு

...நீங்களே சொல்லுங்க சார், ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் வச்சிருந்தா வெள்ளக்காரன் இன்னா கொறஞ்சா பூடுவான்? டைட்டு. அவ்ளோதான் சார் நான் சொன்னது. ஒரே ஒரு டைட்டு. அதுக்கு நிச்சயதார்த்தமே நின்னுடும் போலகீது.

அந்த ஸ்பேனர எடுங்க... இது இல்ல சார், பெரிசு. ஆங். உங்க கிச்சன் கொழா எவ்ளோவோ பரவால்ல. டைட்டுன்னா டைட்டுதான், வேற எதுவும் அதுக்குப் புரியாது. என் மாமனாருக்கு அப்டியில்லயே. மாமனாருன்னா, ஆவப்போற மாமனாரு. அசோக் நகர்ல துரைராஜுன்னு... அவுரு பொண்ணு நிஷாவத்தான் எனக்குப் பேசிகீறாங்க.

ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு போன் போட்டாரு. "மாப்ள, தி. நகர் போயி நிச்சயப் பொடவ எடுத்துனு வந்துடலாமா?"ன்னாரு. நான் அன்னிக்கு மூணு ஊட்ல வேல ஒத்துக்கினுகீறேன். மாப்ள சும்மா குந்திகினுகீறான்னு நெனச்சிடக்கூடாது பாருங்க, கெத்தா சொன்னேன். "மாமா, இப்ப செம டைட்டு. ரெண்டு மணிக்கு மேல லூஸாயிடுவேன், வந்துடறேன்."

தப்பா சார் இது? பேண்ட்டு டைட்டு. பஸ்ஸு டைட்டு. ஓட்டு போடற அன்னிக்கு போலீஸு டைட்டு. ஹவுஸ் ஓனரு டைட்டு குடுக்கறான். எங்கம்மா என்ன டைட்டா வளத்துச்சி. ஊர்ல இத்தினி டைட்டு கீது, அத்தினியும் உட்டுட்டு குடிகாரன் டைட்ட போயி புடிச்சிக்கினாரு.

அப்பவாச்சும் நான் வாய மூடிகினு இருந்திருக்கணும். "காலைலயேவா மாப்ள?"ன்னாரு. கொரலு ஒரு மாதிரிதான் இருந்துச்சி. பெருமைல கேக்கறாருன்னு நெனச்சேன். "ஆறு மணிக்கே ஆரம்பிச்சிட்டேன் மாமா. ஒன்னு முடிஞ்சிடுச்சி, ரெண்டாவது ஓடிக்கினுகீது. மூணாவது அடையார்ல ஒரு வக்கீல் ஊட்ல. அவுரு ஒய்ஃபே போன் பண்ணிக் கூப்ட்டாங்க"ன்னேன்.

"டெய்லி இப்டித்தானா?"ன்னாரு.

"ஞாயிறு இன்னா திங்கள் இன்னா மாமா, நமக்கு எல்லா நாளும் ஒன்னுதான். கல்யாணத்துக்கு அப்பால நிஷாவையும் இதுல எறக்கிடலாம்னு கீறேன், துணைக்கு ஆள் வேணுமில்ல"ன்னேன்.

சிரிக்காதீங்க சார். ஊட்ல ரசம் கொஞ்சம் காட்டமா இருந்தாலே எனக்கு கண்ணு கலங்கிடும்.

நேத்து நிஷா மெசேஜ் போட்டுச்சி. "அப்பா வேணாங்கறாரு. யாராச்சும் பெரிய மனுசர வச்சி பேசு, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைமு. நீ மட்டும் பேசாத." அந்தக் கடசி வரிய மூணு தபா போட்டுகீது.

அதான் சார்... உங்க கொழாவுல வாஷருதான் போச்சி. அஞ்சு நிமிச வேல. ஒரு மணி நேரமா கயட்டிக் கயட்டி மாட்டிக்கினுகீறேன், எப்டி கேக்கறதுன்னு தெரியாம. மயிலாப்பூர்லயே ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு நீங்க, சுவாமிநாதன் சாரே சொன்னாருன்னா எடுபடும். இந்தாங்க, மாமாவுக்குத்தான் ரிங் போவுது. நல்ல பையன்னு சொல்லுங்க, போதும். தமிழ்லயே சொல்லுங்க சார்...

...

இன்னா சார் சொன்னீங்க? சித்தார்த்தன் ரொம்ப ஸ்டெடியான பையனா? போச்சி. எங்க பக்கம் ஸ்டெடின்னா எவ்ளோ ஊத்தினாலும் ஆடாம நிக்கறவன் சார். இன்னா கேக்கறாரு? எத்தினி போட்டுட்டு ஸ்டெடின்னு கேக்கறாரா?

குடுங்க சார், நானே பேசறேன். நிஷா பேசாதன்னுச்சி, தெரியும், குடுங்க... மாமா, சித்தார்த்தன் பேசறேன் மாமா. சார் சொன்னத உடுங்க. இப்பவே அசோக் நகர் வரேன், நேர்லயே பேசிக்கலாம். வேற வேலயே வெச்சிக்கல மாமா, உங்களுக்காவ இன்னிக்கு ஃபுல்லு...

மாமா? மாமா?

வெச்சிட்டாரு சார். ஃபுல்லு நாளும் ஃப்ரீன்னு சொல்ல வந்தேன். ஃபுல்லுலயே வெச்சிட்டாரு.