ஒரே மிதியாக மிதி என்று நான் சொல்லவில்லை

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் இருக்கின்றன. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, பிரேக் அக்கா என்றால் தெரியும். வயது நாற்பத்தேழு. பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் மாடியில் கணவருடன் குடியிருக்கிறேன். தொழில், மோட்டார் மெக்கானிக். காவல் நிலைய எழுத்தர் முதலில் இல்லத்தரசி என்று எழுதினார். அதை அடித்துவிட்டு எழுதச் சொன்னேன்.

சென்ற வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்கால் மணிக்குப் பாலத்து இறக்கத்தில் பூட்டு ரிப்பேர்காரர் மீது மோதிய வெள்ளை வேன் என் தம்பியுடையது. அதற்கு என்ஜின் மாற்றியது என் கணவர், பிரேக் மாற்றியது நான். பிரேக்கை எப்படி மிதிக்க வேண்டும் என்று நான் எச்சரித்து அனுப்பியதாகவும், தான்தான் மறந்துபோய்த் தவறாக மிதித்ததாகவும் என் தம்பி சனிக்கிழமை வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். இன்று காலை ஆய்வாளர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். அது உண்மையானால் ஒர்க்‌ஷாப் மீது குற்றம் வராது, அவனுடைய லைசென்ஸ் போகும், சிறைக்கும் போக நேரலாம் என்று விளக்கினார். அது உண்மை இல்லை. நடந்தது பின்வருமாறு.

என் தம்பி தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறான். பதினான்கு வருடமாக அந்த வேன் ஒன்றுதான் அவனுக்குச் சோறு போடுகிறது. பெட்ரோல் என்ஜின் தேய்ந்து, புகை கக்கிக்கொண்டு, பாலத்தில் ஏறும்போது சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகும் நிலைக்கு வந்துவிட்டது. வேறு வண்டி வாங்க வழியில்லாததால் என்ஜினை மட்டும் மாற்றித் தரும்படி கேட்டான். பின்பக்கம் அடிபட்டு உடைப்புக்கு வந்த ஒரு பெரிய வேனிலிருந்து, முன்பக்கம் சேதமில்லாத டீசல் என்ஜினை என் கணவர் எடுத்து வந்தார். என்ஜின் எண் மாற்றத்துக்கு மனு போட்டதன் நகலை இதனுடன் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் என்ஜினும் கியரும் அவர், பிரேக்கும் ஸ்டியரிங்கும் நான். ஓட வைப்பது அவர் வேலை, நிற்க வைப்பது என் வேலை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், இந்தப் பாகப்பிரிவினை மட்டும் மாறியதில்லை. பெரிய என்ஜின் ஏற்றினால் பழைய பிரேக் தாங்காது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முன் சக்கரங்களின் பழைய டிரம்மைக் கழற்றி டிஸ்க் பிரேக் வைத்தேன். மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பைப் எல்லாம் புதிது. அந்த வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடமில்லை, எந்த நிபுணர் வந்தும் பார்க்கலாம்.

குறை வேறு இடத்தில் இருந்தது. பெட்ரோல் என்ஜின் தானே காற்றை உறிஞ்சும், அந்த உறிஞ்சல் பூஸ்டருக்குப் போய் பிரேக் மிதியை இலகுவாக்கும். டீசல் என்ஜினில் அது கிடையாது, அதற்கென்று ஒரு சின்ன வேக்கம் பம்ப் தனியாக ஓட வேண்டும். என்ஜினோடு வந்த பம்ப் தேய்ந்திருந்தது. முதல் மிதி நன்றாகப் பிடிக்கும். உடனே இரண்டாவது முறை மிதித்தால் பாதிதான் பிடிக்கும். மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிடும், ஏறி நின்றாலும் இறங்காது. இதை நான் புதன்கிழமையே கண்டுபிடித்துப் புதுப் பம்புக்குச் சொல்லி அனுப்பினேன். வியாழன் மாலை நான்கு மணிக்கு வருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

அதன் பிறகு வியாழன் காலை பத்தரை மணிக்கு என் தம்பி வந்தான். வண்டி பன்னிரண்டு நாளாக எங்களிடம் நின்றதில் அவனுடைய வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். மீதியிருந்த பெரிய வாடிக்கை ஒரு பள்ளிக்கூடம், அவர்களும் அன்று மதியத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். "ஒரே ஒரு நடைதான்க்கா. நாலு மணிக்கு நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்றான். முடியாது என்றேன். அவன் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு செல்போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதன் பிறகு நானே வண்டியை எடுத்து இரண்டு தெரு சுற்றி வந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே மிதியாக மிதித்தேன், நின்றது. ஆனால் அது வெறும் வண்டி. இருபது கேனுக்கு மேல் ஏற்றாதே, மெதுவாகப் போ என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இந்த இரண்டையும் சொன்னேன். மூன்றாவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

என் தம்பி பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பவன். பழைய பிரேக் அவனை அப்படிப் பழக்கிவிட்டது. அதில் முதல் மிதி சும்மா இறங்கும், இரண்டாவதில் லேசாகப் பிடிக்கும், மூன்றாவதில்தான் வண்டி நிற்கும். என்னடா தையல் மெஷினா மிதிக்கிறே என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். ஆகவே அவன் பழக்கம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. புதுப் பிரேக்கில், அந்தப் பழுதான பம்போடு, அப்படி மிதிப்பதுதான் ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். அவன் வண்டியைக் கிளப்பியதும் என்ஜின் சத்தம் கேட்டது. ஒரு தட்டல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, அவ்வளவு சுத்தமாக ஓடியது. என் கணவர் ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். நினைவு வந்தபோது வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. போன் செய்யலாம் என்று நினைத்தேன், ஓட்டும்போது எடுக்க வேண்டாமே என்று விட்டுவிட்டேன். இதுதான் காரணம், வேறு இல்லை.

அதன் பிறகு என் தம்பி இருபதுக்குப் பதில் நாற்பத்தைந்து கேன் ஏற்றியிருக்கிறான். அது அவன் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. பாலத்து இறக்கத்தில் வழக்கம் போல மூன்று முறை விட்டு விட்டு மிதித்திருக்கிறான், பெடல் கல்லாகிவிட்டது. ஜனங்கள் நிற்கும் பக்கம் போகாமல் இடது பக்கச் சுவரில் கொண்டுபோய் மோதியிருக்கிறான். சுவர் ஓரத்தில் பூட்டு ரிப்பேர்காரர் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "ஹாரன் அடிச்சுக்கிட்டேதாம்மா வந்தான். நாந்தான் வேற யாருக்கோ அடிக்கிறான்னு நெனச்சேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கட்டுப் போட்ட காலையும் பார்க்க முடியவில்லை.

விபத்து நடந்த அன்று மதியம் இரண்டு மணிக்கு என் தம்பிக்கு நெற்றியில் தையல் போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "விட்டு விட்டு மிதிக்காத, ஒரே மிதியா மிதின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்டா, நான் பாவி" என்று அழுதேன். அவன் அழவில்லை. "இத வேற யாருகிட்டயாவது சொன்னியாக்கா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். "சொல்லாத" என்றான். பயத்தில் உளறுகிறான் என்று நினைத்தேன்.

இன்று காலை நான் நிலையத்துக்குக் கிளம்பும்போது, நான் எச்சரித்ததாக என் தம்பி எழுதிக் கொடுத்திருப்பதை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த என் கணவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டுமே. மச்சானே சொல்லிட்டாரு, நீ ஏன் குறுக்க நிக்கற?" என்றார். ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டால் இரண்டு பேரும் இந்த வயதில் எங்கே போய் வேலை கேட்பது என்றும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் அவரை விலக்கிவிட்டு வந்துவிட்டேன்.

என் தம்பியின் வாக்குமூலத்தில், வண்டி கேட்டைத் தாண்டும்போது நான் பின்னால் ஓடிவந்து, விட்டு விட்டு மிதிக்காத, ஒரே மிதியா மிதி என்று கத்தியதாக இருக்கிறது. அதைப் படிக்கக் கேட்டதும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன், ஆய்வாளர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அந்த வார்த்தைகள் என்னுடையவைதான், ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அவற்றை நான் காலை பதினொரு மணிக்குக் கேட்டில் நின்று சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, எல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். அவன் அதை மனப்பாடம் செய்து, மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவன் எழுதிக் கொடுத்ததில் அந்த வரியை நீக்க வேண்டும். வண்டி கிளம்பும்முன் அவனுக்கு நான் அதைச் சொல்லவே இல்லை.

இதை என் சுயபுத்தியோடு சொன்னேன். யாரும் மிரட்டவில்லை, சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேர் கெஞ்சினார்கள், இருவரும் என் வீட்டு ஆட்கள். எழுதியதை எழுத்தர் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்)