மங்களத்துக்கு மட்டும் கேட்ட உறுமி

இந்தத் தே ஓ தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டரம்மா. பரவாயில்லை, குடிக்கிறேன். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க நான் எதையாவது குடித்து வெகுநாளாகிறது. நீங்கள் தமிழராக இருப்பதும் வசதி. இதையெல்லாம் மலாயில் சொல்ல எனக்கு வராது.

சுங்காய் டவுனிலிருந்து உள்ளே எங்கள் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டது. கடைசியில் லயத்து வரிசையில் விளக்கு எரிந்தது இரண்டே வீடுகளில். ஒன்று என்னுடையது. இன்னொன்றில் பத்துமலையும் அவர் மனைவி மங்களமும் இருந்தார்கள். எனக்கு மனைவி, மக்கள் கிடையாது. தோட்டத்து லோரி ஓட்டினேன். திருவிழாவுக்கும் சாவுக்கும் உறுமி வாசித்தேன்.

உறுமியின் ஒரு பக்கத்தை அடிப்போம். மறுபக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்போம். அப்போது அது முனகும். அதைக் கேட்டுச் சிலருக்குச் சாமி வரும். சிலர் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். நான் நடந்து போனால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உறுமியோடு போனால் பார்ப்பார்கள்.

பத்துமலை நுரையீரலில் நீர் கோத்து இறந்தார். கடைசி நாட்களில் அவர் முனகியது சுவர் தாண்டி எனக்கும் கேட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான்தான் வாசித்தேன். மங்களம் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். காரியம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அண்ணே, இனிமே அதை வாசிக்காதீங்க. அவரு முனகுற மாதிரியே இருக்கு."

சரி என்றேன். தாப்பாவில் ஒரு கோயில் குழுவுக்கு உறுமியைக் கொடுத்துவிட்டதாகவும் பிறகு சொன்னேன். கொடுக்கவில்லை. முன்பு ரப்பர் பால் எடை போட்ட பழைய ஸ்டோரில், உரச்சாக்குக்குள் வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், அவர் டவுனுக்குப் போயிருப்பார் என்று நினைத்து ஸ்டோருக்குப் பின்னால் நின்று கொஞ்சம் வாசித்தேன். வீடு திரும்பினால் என் வாசலில் நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்குள் யாரும் வந்து உட்கார்ந்து வருடங்களாகியிருந்தன.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே, மங்களம்" என்றேன்.

பொழுது சாயும்வரை இருந்தார். மீ நூடுல்ஸ் பிரட்டிக் கொடுத்தேன். உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். சேர்ந்து ரேடியோ கேட்டோம்.

அதன் பிறகு, வீடு ரொம்பவும் அமைதியாகிப்போன நாட்களில் வாசிக்கப் போவேன். அவர் வந்து என் கதவைத் தட்டுவதற்குள் குறுக்குவழியில் திரும்பிவிடுவேன். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயந்தவருக்குத் துணை வேண்டும். நான் துணையாக இருந்தேன்.

அவர் மகன் தனேஸ்வரன் ஈப்போவிலிருந்து காரில் வந்தான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. இங்கே இனிமேல் யார் இருக்கிறார்கள், என்னோடு வந்துவிடுங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டான். மங்களமும் துணிமணிகளைப் பையில் அடுக்கிவிட்டார். அவன் சாப்பாடு வாங்க டவுனுக்குப் போன நேரத்தில் நான் ஸ்டோர் பக்கம் போனேன். அவன் திரும்பி வந்தபோது துணிகளெல்லாம் மறுபடி அலமாரிக்குள் இருந்தன.

"உங்கப்பா போவேணாங்கிறாருய்யா" என்றார் மங்களம்.

தனேஸ்வரன் என்னைப் பார்த்தான். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று தலையசைத்தேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்கதான் பாத்துக்கணும் மாமா. வேற யாரு இருக்கா இங்க?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆனால் அதற்குப் பிறகு மங்களம் மாறிவிட்டார். பயம் போய்விட்டது. சத்தம் கேட்டால் என் வீட்டுக்கு வராமல் தன் பின்வாசலில் நின்று செம்பனைப் பக்கம் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருப்பார். சாப்பாடு குறைந்தது. நான் மீ கொண்டுபோய்க் கொடுத்தால் மூடி வைத்துவிடுவார். என்னைக் கண்டால் சிரிப்பார், அவ்வளவுதான். எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

பழைய பயம் திரும்ப வந்தால் போதும் என்றுதான், ஈயம் தோண்டிய குட்டைக்கு அக்கரையில் போய் வாசித்தேன். தண்ணீர்மேல் அந்த முனகல் இழுபடும். கேட்கிறவருக்கு முதுகு சில்லிடும். நான் லாலாங் புல்லுக்குள் இருந்தேன். மங்களம் செம்பனைகளுக்கு நடுவே நடந்து வந்தார். கரையில் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"இருங்க, வாரேன்" என்றார், வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்வதுபோல.

தண்ணீர் அவருக்கு முழங்கால் வரை வந்தது, பிறகு இடுப்புவரை. எனக்கு நீச்சல் தெரியும். ஒரு குரல் கொடுத்திருந்தாலும் நின்றிருப்பார். ஆனால் அது நான்தான் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் என் வீட்டுப் பக்கமே வரமாட்டார். அதனால் வாசிப்பை நிறுத்தவில்லை. தண்ணீர் அடங்கிய பிறகும் வாசித்தேன். செம்பனைப் பழம் வெட்டும் வங்காளதேசத்து ஆள் பார்த்துவிட்டு உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி.

அம்மா அப்பாவைத் தேடிப் போய்விட்டார் என்று தனேஸ்வரன் அழுகிறானாம். அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கரையில் பத்துமலை இல்லை. நான்தான் இருந்தேன். மங்களம் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார்.